இரண்டு புள்ளி மூன்று

தேஜோன் நகரில் மழைக்காலத்தின் ஒன்பதாம் இரவு.
ஆய்வகத்தின் அடித்தளத்தில், குழாய்களுக்கு நடுவே,
பாங் மி-ஓக் ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்று எழுதியிருப்பேன்,
இங்கே அந்த எண்ணெய்க்கும் அனுமதி இல்லை.
ஒரு சொட்டு விழுந்தால் ஒரு வாரத் தண்ணீர் வீண்.

நேற்றுவரை 0.6.
நூறு கோடிப் பங்கில் அரைப் பங்குக்குச் சற்று மேலே கரிமம்.
இன்று 2.3.
மின்தடை மட்டும் அசையவில்லை,
பதினெட்டு புள்ளி இரண்டிலேயே நிற்கிறது,
எதுவுமே நடக்காத வீட்டின் முகத்தோடு.

மாடியில் வெள்ளை உடைக்குள் மாணவர்கள்
சிலிக்கான் வட்டுகளைக் கழுவுகிறார்கள்.
இவ்வளவு சுத்தமான தண்ணீர் பசித்த தண்ணீர்.
தொட்டதிலெல்லாம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்:
குழாயின் பிசின், வால்வின் ரப்பர்,
யாரோ காலையில் பூசிய கைக்களிம்பு.

ஆகவே முதலில் களிம்பைத்தான் சந்தேகித்தாள்.
சே-பின்னின் உள்ளங்கையை வாங்கி முகர்ந்தாள்.
அவன் சிரித்தான். சோப்புகூட இல்லை.
பிறகு மாதிரிக் குழாய். பிறகு வளையங்கள்.
பிறகு கருவியையே: எடைபோட்ட சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தாள்,
எவ்வளவு சர்க்கரை என்று அது அப்படியே திருப்பிச் சொன்னது.
பொய் சொல்லாத ஒன்றோடு
இரவில் தனியாக இருப்பது சிரமம்.

பிறகு விளக்கு.
நூற்றெண்பத்தைந்து நானோமீட்டர் ஒளியில்
தண்ணீரே உடையும்,
உடைந்த துண்டு பக்கத்திலிருப்பதைக் கடித்துத் தின்னும்.
குழல் பலமுறை மாறிவிட்டது, கூண்டு மாறவில்லை.
மூடியின் உட்புறம் மார்க்கரில் ஒரு பெயர்:
ப்யோ கி-ஹூன், பொருத்திய தேதி.
அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் கழித்து வேலையை விட்டான்,
ஓக்சோனில் திராட்சை போட்டான்.
அவள் கூடப் போகவில்லை.

"தம்பதிச் சண்டை கத்தியால் தண்ணீரை வெட்டுவது"
என்றார், முத்திரை குத்திக்கொண்டே,
குடும்ப நீதிமன்ற எழுத்தர். ஆறுதலுக்குச் சொன்னார்.
மி-ஓக்குக்குத் தெரியும், தண்ணீர் உடையும்.
சரியான அலைநீளம் வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றரை மணிக்கு நகராட்சி நீரின் முடிவு வந்தது.
யூரியா.
சின்ன மூலக்கூறு, மின்னூட்டம் கிடையாது.
சவ்வு அதைத் தண்ணீரின் உறவுக்காரன் என்று உள்ளே விடும்,
பிசினுக்குப் பிடிக்க ஒரு கை அகப்படாது,
ஊதா ஒளியையும் பெரிதாகச் சட்டைசெய்யாமல் தாண்டி வரும்.
தேச்சோங் ஏரிக்கு மேலே மழை,
மழைக்கு முந்தின நாள் உரம் வைத்த நிலங்கள்,
நெல், மிளகாய், ஜின்செங்,
திராட்சை.

நூறு கோடியில் ஒன்று என்றால்
முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு விநாடி,
கணக்குப் போட்டுச் சொன்னான் சே-பின், தூக்கத்தை விரட்ட.
அவளும் போட்டாள், வாய்க்குள்.
ஏழு வருடக் கல்யாணத்தில்
கால் விநாடிகூட வரவில்லை.

ஏரிக்கு மேலே ஆயிரம் தோட்டம் இருக்கலாம்.
எவன் கையிலிருந்து விழுந்தது இது என்று
எந்தக் கருவியும் சொல்லாது,
அவள் கேட்கவும் இல்லை.
ஆனால் அவன் மூட்டையைப் பல்லால் கிழிப்பவன்.
வானிலை அறிக்கையை
ஒருநாளும் நம்பாதவன்.

பதிவேட்டில் எழுதினாள்:
காரணம், மூலநீர். கருவியில் பழுதில்லை.
கழுவும் வேலை வியாழன் வரை நிறுத்தம்.
மாடிக்குப் போன் செய்தாள், திட்டு வாங்கினாள்.

மூடியின் உட்புறத்தைத் துடைத்துவிடலாம் என்று
துணியை எடுத்தாள். ஆல்கஹால் வாசம் வந்தது.
அதுவும் கரிமம்தான்.
துணியைத் தூர வைத்துவிட்டு
மூடியைத் திருகி மூடினாள்.

2.4.
வெளியே இன்னும் பெய்கிறது.